கொழும்பு – இலண்டன் வான்வழி: தூரமும் நேரமும்

கட்டுநாயக்காவிலிருந்து இலண்டன் மாநகரின் ஹீத்துரோ விமான நிலையம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். பழைய கணக்கில் 5,400 மைல். இஃது உருண்டையான பூமியின்மேல் அளந்த மிகக் குறுகிய தூரமாகும். வகுப்பறைச் சுவரிலுள்ள உலகப்படத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறினால், அது அரேபியப் பாலைநிலத்தின்மேற் செல்லும். பூகோள உருண்டையில் இரு நகரங்களுக்குமிடையே நூலொன்றை இழுத்துப் பிடித்தாலோ, அது வடக்கே ஏறித் தெகிரானுக்கு அருகாற் போகும். வழியின் நடுவிடமும் அதுவே. தட்டைப்படத்து நேர்கோடுதான் இருநூறு கிலோமீற்றருக்கு மேல் நீளமானது! போர் மூண்ட நாடுகளை விலக்கிப் பறக்கையில் இத்தூரம் இன்னுங் கூடும்.

போவதற்குப் பதினொரு மணித்தியாலம் வரை செல்லும். வருவதற்குப் பத்தரை போதும். பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் கடுங்காற்று, வரும் விமானத்தை உந்துகின்றது, போவதைத் தடுக்கின்றது.

மரணவீடுகளிலேதான் இக்கணக்குப் பிழைக்கின்றது. “இரவு எட்டுக்கு விமானம்” என்று மகன் இலண்டனிலிருந்து அறிவிக்க, உறவினர் பத்தரையைக் கூட்டிக் காலை ஆறரைக்கு வருவானென எண்ணி, அன்று பிற்பகலே தகனமென நேரங் குறித்துவிடுகின்றனர். அந்த ஆறரை இலண்டன் ஆறரை. மாரியில் நம் நேரம் அதற்கு 5½ மணி முந்தியது, கோடையில் 4½. எனவே மாரியில் அவன் இறங்குவது நண்பகலில். பின்னர்க் கிளிநொச்சிக்கு முந்நூறு கிலோமீற்றர் வரையிலான தெருவழி. அதற்கு ஆறேழு மணி. முற்றத்தை மிதிக்கையில் இரவு எட்டாகிவிடும். கிரியையை மறுநாட் காலைக்கு வைப்பதே தகும்.