மீன்தொட்டியில் மணல்

இல்லத்து மீன்தொட்டியில் இடுதற்கு எல்லா மணலும் ஏற்றதன்று. பூனாகலை ஓயா, தியலும நீர்வீழ்ச்சியாக 220 மீற்றர் வீழ்ந்து, கிரிந்தி ஓயாவின் வழியே தென்கடலைச் சேர்கின்றது. இத்தகைய மலையாறுகளின் மணலிற் படிகக்கல்லே மிகுதி. அது நீரிற் கரைவதில்லை. கடற்கரை மணலிற் சிப்பித்துகள் கலந்திருப்பின், அதன் சுண்ணாம்பு கரைந்து மென்னீரை வன்னீராக்கும். வினாகிரி விட்டவிடத்துக் குமிழி எழுமாயின், மலையோடை மீன்களுக்கு அம்மணல் ஆகாது.

மணல் வெறும் அணியன்று. மீன் கழிக்கும் அமோனியா மீனுக்கே நஞ்சாகும். மணலைப் பற்றி வாழும் பற்றீரியங்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. ஆதலின் மணலை இடுமுன் நன்கு கழுவுதல் வேண்டும். இட்டபின் முழுவதையும் எடுத்துக் கழுவின் அப்பற்றீரியங்கள் குன்றும். அவற்றுக்கு ஒட்சிசனும் இன்றியமையாதது. மணற்படை இரண்டு அங்குலத்தின் மேற்படின், அடியில் ஒட்சிசன் அற்று நச்சுவாயு தோன்றக்கூடும்.

அயிரை மணலிற் புதைந்துறையும் இயல்பினது; கூரிய கற்கள் அதன் மீசையைப் புண்படுத்தும். கன்னியா வெந்நீரூற்றிற் கண்டெடுக்கப்பெற்று, 1846 இல் அறிவியற்பெயர் பெற்றது இம்மீன். நுண்ணிய ஆற்றுமணலே அதற்கு இல்லமும் காவலும் ஆகும்.