மரம் மலிவு, வரைபடம்தான் விலை

கொழும்பு - கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் இருபது வருடங்களாக மரக் கைவினைப் பொருட்கள் விற்றுவருகிறேன். மரயானை, முகமூடி, சாவிக்கோர்வை என்று பக்கத்துக் கடைகளில் உள்ளவைதான் என் கடையிலும் உள்ளன. பஸ்ஸும் வேனும் ஏறி வந்தால் எங்களுக்கு வியாபாரம் நடக்கும். வராவிட்டால் யானைகளுக்குத் தூசு தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 2020இல் கொரோனா ஊரடங்கால் வீதி வெறிச்சோடியது. 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மண்மேடு சரிந்து உயிர்கள் பறிபோனபோது வீதியே மூடப்பட்டது. வீதியை மட்டும் நம்பிய கடை எவ்வளவு பலவீனமானது என்பதை இரண்டு முறை கண்டுவிட்டேன்.

இதற்கு மாற்றுவழி ஏதும் உண்டா என்ற சிந்தனையை எனக்குள் ஏற்படுத்தியது ஒரு பெட்டி. கட்டாரில் தொழில் செய்யும் என் மருமகன் விடுமுறையில் வந்தபோது அதைக் கொண்டுவந்து தந்தார். "மாமா, கடையில சும்மா இருக்கிற நேரத்தில செஞ்சு பாருங்க" என்றார். உள்ளே இருந்தது ஒரு பாய்க்கப்பல். ஆனால் முழுக் கப்பல் அல்ல, நாமே பொருத்திக் கட்ட வேண்டிய உதிரிப் பாகங்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

அது ஸ்பெயின் நாட்டுத் தயாரிப்பு. இத்தாலி, டென்மார்க் கொம்பனிகளும் இத்தகைய பெட்டிகளைப் பல தசாப்தங்களாக உலகெங்கும் விற்று வருகின்றன. என்னுடையது 1:65 அளவிலானது. அதாவது உண்மைக் கப்பலின் 65 சென்ரிமீற்றர், மாதிரியில் ஒரு சென்ரிமீற்றர். இயந்திரத்தில் வெட்டிய மெல்லிய பிளைவூட் துண்டுகள், ஈர்க்கு போன்ற மரக் கீற்றுகள், உருண்டைக் குச்சிகள், நூல் உருளைகள், பாய்த்துணி, சின்னஞ்சிறு பித்தளை ஆணிகள், ஒரு பெரிய வரைபடம், படங்களுடன் கூடிய ஒரு விளக்கப் புத்தகம் ஆகியவை அதில் இருந்தன.

வியாபாரியின் பழக்கம் விடுமா? மரத்தை மட்டும் எடுத்துக் கடைத் தராசில் வைத்தேன். ஒரு கிலோவுக்கும் குறைவு. பெட்டியின் விலையோ 100 யூரோவுக்கு மேல் என்று மருமகன் சொன்னார். எங்கள் ஊர் மர ஆலையில் அந்த நிறைக்குக் கழிவுச் சட்டங்களைக் காசு வாங்காமலே தருவார்கள். அப்படியானால் வாங்குபவர் எதற்குப் பணம் கொடுக்கிறார்? இந்தக் கேள்விக்குக் கப்பலைக் கட்டி முடித்த பிறகுதான் பதில் கிடைத்தது.

கட்டும் முறை

முதலில் ஏராக்கட்டை. கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் இந்தத் துண்டின் வெட்டுகளில் விலா எலும்புகளைப் போன்ற வங்குகளை வரிசையாகச் செருக வேண்டும். ஒவ்வொரு வங்கும் மட்டமூலையில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பசை போட வேண்டும். பலகை வளைந்து படியும் விதத்தில் வங்குகளின் ஓரங்களைச் சாய்வாக உரசுவது அடுத்த வேலை.

பின்னர் பலகை அடித்தல். கீற்றுகளைத் தண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, பசையிட்டு, ஆணியால் நிறுத்த வேண்டும். நான் தவறு விட்டது இங்கேதான். அவசரத்தில் ஒரு பக்கத்தைக் கிட்டத்தட்ட முழுமையாக அடித்து முடித்துவிட்டேன். பசை காய்ந்ததும் கப்பல் வாழைப்பழம் போல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி அடித்தால்தான் இழுவை சமமாகும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. நான்தான் வாசிக்கவில்லை. பலகைகளைக் கழற்றி மீண்டும் அடிக்க மூன்று வாரங்கள் வீணாகின.

இந்த முதல் அடுக்கு மலிவான மென்மரம். அதை உரசி மட்டமாக்கிய பின், அதன் மேல் அரை மில்லிமீற்றர் அளவிலான அக்ரூட் மரக் கீற்றுகளை ஒட்ட வேண்டும். பார்ப்பவரின் கண்ணில் படுவது இந்த இரண்டாவது அடுக்கு மட்டுமே. அதன் பிறகு மேல்தளம், பாய்மரங்கள், சுக்கான், கடைசியாகக் கயிறுகளும் பாய்களும். பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளை முதலிலும், பாயை ஏற்றி இறக்கும் கயிறுகளை அடுத்ததாகவும் கட்ட வேண்டும். ஒழுங்கு மாறினால் விரல் நுழைய இடமிருக்காது. எனக்கு ஐந்து மாதங்கள் எடுத்தன.

முடித்ததும் பதில் விளங்கியது. மரத்துக்காக யாரும் நூறு யூரோ கொடுப்பதில்லை. துல்லியமான வரைபடம், பிசகாத வெட்டு, வேலையின் ஒழுங்கு, "நானே செய்தேன்" என்று வீட்டில் வைத்துச் சொல்லும் சந்தோசம் ஆகிய நான்குக்குமே அந்த விலை.

மொரீசியஸ் காட்டிய வழி

மரக்கப்பலை நம்பி ஒரு தீவே தொழில் செய்கிறது. மொரீசியஸின் கியூர்பிப் நகரில் 1960களின் பிற்பகுதியில் மாதிரிக் கப்பல் செய்யும் தொழில் தொடங்கியது. பழைய ஐரோப்பியக் கப்பல்களின் வரைபடங்களைப் பார்த்துத் தேக்கு முதலிய மரங்களில் செய்கிறார்கள். கயிறு கட்டுதல், பாய் தைத்தல் போன்ற நுணுக்கமான வேலைகளில் பெண்கள் பெருமளவில் ஈடுபடுகிறார்கள். பாய்த்துணிக்குப் பழைய தோற்றம் வருவதற்கு அதைத் தேயிலைச் சாயத்தில் நனைக்கிறார்கள். தேயிலை நாட்டுக்காரர்களான நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

அவர்கள் பெரும்பாலும் விற்பது முடிந்த கப்பலை. அதற்குப் பெரிய பெட்டி வேண்டும், வழியில் பாய்மரம் முறியும் பயமும் உண்டு. உதிரித் தொகுதி அப்படியல்ல. தட்டையாக இருக்கும், பாரம் குறைவு, தபாலிலும் போகும். வீதி மூடப்பட்டிருந்தாலும் தபால் கந்தோருக்கு ஏதோ ஒரு வழியில் கொண்டுசேர்க்கலாம்.

நம்மிடம் என்ன இருக்கிறது?

பதினான்காம் நூற்றாண்டு மரத்தூண்களுக்குப் பேர்போன எம்பெக்க தேவாலயம் நமக்கு அருகில்தான் இருக்கிறது. மரம் செதுக்கும் கை இந்தப் பகுதியில் இன்னும் அழியவில்லை. லுணுமிதெல்ல என்ற மலைவேம்பு பாரம் குறைந்த மரம். தேக்கு, மஹோகனிக் கழிவுகள் ஒவ்வொரு ஆலையிலும் குவிந்து கிடக்கின்றன. தும்புக் கயிறும் தேயிலைச் சாயமும் சொந்தச் சரக்கு.

கப்பலுக்கும் பஞ்சமில்லை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ரொபின்சன் வாங்கி, ஃப்ளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். தமிழ் மாலுமிகளுடன் அது 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. 90 அடிக்குச் சற்றுக் குறைவான அந்தக் கப்பலை 1:65 அளவில் செய்தால் 42 சென்ரிமீற்றர் அளவில் வரும். வெளிநாட்டில் வாழும் இலங்கையர் எத்தனை பேர் வீட்டில் அதற்கு இடம் கொடுப்பார்கள்! நம்மைச் சிங்கள மக்கள் மரக்கலத்தோடு சேர்த்து "மரக்கல" என்று அழைத்த காலத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எடுத்த எடுப்பில் கடன் வாங்கி இயந்திரம் வாங்குபவர், ஏராக்கட்டையை நேராக்காமல் பலகை அடிப்பவரைப் போன்றவர். நான் சிறிதாகத் தொடங்கினேன். பக்கத்தில் துணைமரம் கட்டிய "ஒருவ" பாய்வள்ளத்துக்குப் பதினான்கு துண்டுகளே போதும். வெட்டுவதை வெளியில் கூலிக்குக் கொடுத்து, பன்னிரண்டு தொகுதிகள் மட்டும் செய்து, தெரிந்தவர்களிடம் கொடுத்தேன். என் நேரத்துக்கும் சம்பளம் போட்டே கணக்கு எழுதினேன். அதை விட்டுவிட்டால் எந்த வியாபாரமும் காகிதத்தில் இலாபமாகத்தான் தெரியும்.

ஏழு பேர் கட்டி முடித்தார்கள். ஐந்து பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அந்த ஐந்து பேரையும் தேடிப் போய்க் கேட்டேன். மரத்தில் யாரும் குறை சொல்லவில்லை. "ஆறாவது படம் விளங்கல்ல நானா" என்றார்கள். இப்போது விளக்கத் தாளை நான்காவது முறையாகத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். அது சரியாகும் வரை அடுத்த மரத்துண்டை வெட்டக் கொடுப்பதாக இல்லை.