பழைய காரும் புதிய பொறிப்பெட்டியும்

நெருப்புக்குப் பெயர் பெற்றது நம் வட்டாரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா காய்ச்சும் அடுப்பும், அருகிலுள்ள சிவகாசியில் 1923ஆம் ஆண்டு தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும் இதற்குச் சான்று. ஆனால் நாள்தோறும் நமக்குப் பயன்பட்டும் நம் கண்ணில் படாத நெருப்பு ஒன்றுண்டு. பெட்ரோல் காரின் எஞ்சினுக்குள் ஒரு நொடியில் நூறு முறை பற்றி அணையும் நெருப்பு அது. உரிய நேரத்தில் அது பற்றினால் கார் ஓடும். தவறினால், எத்துணை அருமையாகப் பேணிய காராயினும் நடுச்சாலையில் நின்றுவிடும்.

பழைய கார்களைப் போற்றி வைத்திருப்போர் இன்று அடிக்கடி எழுப்பும் வினா இந்த நெருப்பைப் பற்றியதே. "பழைய பாயிண்ட் முறையோடு மல்லுக்கட்டுவதை விட்டு, கடையில் விற்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டியைப் பொருத்திவிடலாமா?" என்பது அவ்வினா. பொருத்தலாம் என்பதே விடை. ஆயினும் அப்பெட்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்துகொண்டு பொருத்த வேண்டும். அறியாது பொருத்தினால் பணமும் போகும்; பழுதும் தீராது.

சென்னையில் பிறந்த சீமைக் கார்

1948ஆம் ஆண்டு சென்னையில் நிறுவப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், வண்டலூர்ப் பகுதியில் இருந்த தன் தொழிற்சாலையில் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார்களை உருவாக்கியது. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த 'டிரையம்ப் ஹெரால்டு' காரின் இந்திய வடிவம் அது. அதன் எழிலுருவை வரைந்தவர் இத்தாலிய நாட்டு ஜியோவான்னி மிக்கெலோட்டி. முன்பக்கக் கூடு முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறப்பதால், எஞ்சினின் இருபுறமும் நின்று வேலை செய்யலாம். மெக்கானிக்குகள் இக்காரை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இருவர் மட்டும் அமரும் ஸ்போர்ட்ஸ் காராக 1962இல் இங்கிலாந்தில் வெளியிடப்பட்டதே 'டிரையம்ப் ஸ்பிட்பயர்'. 1980 வரை அது தயாரிக்கப்பட்டது. ஆக, நம் ஊர்ச் சாலைகளில் அமைதியாக ஓடிய ஹெரால்டும், சீமையில் இளைஞர்களின் மனத்தைக் கவர்ந்த ஸ்பிட்பயரும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். சென்னைக்கு வடக்கே சோழவரத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டு கார்களும் ஓடின என்பதை நினைத்தால், அந்த இரத்தம் இந்தப் பிள்ளையிடமும் இருந்தது எனலாம்.

இவ்விரண்டிலும் நெருப்புண்டாக்கும் முறை ஒன்றே. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி ஆகிய கார்களும் நெடுங்காலம் அதே முறையில்தான் ஓடின. எனவே ஸ்பிட்பயருக்குச் சொல்லும் இக்னிஷன் பாடம், நம் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் கார்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பாயிண்ட் செய்யும் பணி

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட் மின்சாரம். ஸ்பார்க் பிளக்கின் முனையில் பொறி தாவுவதற்கோ பல்லாயிரம் வோல்ட் வேண்டும். இந்த இடைவெளியை நிரப்புவது 'காயில்' என்னும் கம்பிச் சுருள். சுருளில் மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் உண்டாகிறது. மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்தால் காந்தப்புலம் சரிந்து, பக்கத்துச் சுருளில் உயர்ந்த மின்னழுத்தம் எழுகிறது. இந்த மின்தூண்டல் தத்துவத்தை 1831இல் கண்டறிந்தவர் மைக்கேல் ஃபாரடே.

துண்டிக்கும் வேலையைச் செய்வதே பாயிண்ட். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் தண்டு, தன் மேடுகளால் பாயிண்டைத் தள்ளித் தள்ளித் திறக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு பொறி. பாயிண்ட் கருகாமல் காப்பது அருகிலுள்ள கண்டென்சர். இவ்வமைப்பைக் கார்களுக்கெனச் செப்பனிட்டுத் தந்தவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். பணப்பதிவு இயந்திரம் செய்யும் நிறுவனத்தில் பணியாற்றிய அவருடைய இக்னிஷன் முறை, 1910ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பெரும்பான்மைக் கார்கள் அவ்வழியே நடந்தன.

எளிய அமைப்பு, ஆனால் கடுமையான உழைப்பு. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு பொறிகள் வேண்டும். நிமிடத்திற்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 100 பொறி. 6,000 சுற்று என்றால் 200 பொறி. அப்போது ஒரு பொறிக்கும் மறுபொறிக்கும் இடையே உள்ள காலம் நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு நேரமே பாயிண்ட் மூடியிருந்து காயிலுக்கு மின்சாரம் தரும். அதற்குள் காயில் முழுமையாக நிறையாததால், வேகம் கூடக் கூடப் பொறி மெலிகிறது.

இன்னொரு குறையும் உண்டு. தண்டின் மேட்டில் உராயும் பாயிண்டின் குதிகால் நாளடைவில் தேய்கிறது. ஏறத்தாழ 0.015 அங்குலமாக வைக்கப்பெற்ற திறப்பு இடைவெளி சுருங்குகிறது. அதனால் பாயிண்ட் பிந்தித் திறக்கிறது, பொறியும் பிந்துகிறது. எஞ்சின் சூடேறுகிறது, இழுவை குறைகிறது, பெட்ரோல் வீணாகிறது. பில்லர் கேஜை இடையில் செருகி, விரலில் உணரும் உராய்வைக் கொண்டே இடைவெளியைச் சரிசெய்த முதிய மெக்கானிக்குகள் நம் ஊர்களில் இருந்தனர். அக்கைப்பழக்கம் இன்று அருகி வருகிறது. தரமான பாயிண்டும் கண்டென்சரும் எளிதில் கிடைப்பதில்லை. பொறிப்பெட்டியை நாடுவோர் பெருகியதற்கு இவையே மெய்யான காரணங்கள்.

பெட்டி செய்யும் பணி

கடைகளில் கிடைப்பவை இரு வகை. முதல் வகை, பாயிண்டை அடியோடு நீக்கிவிட்டு, அவ்விடத்தில் காந்தத்தையும் அதை உணரும் சிறு கருவியையும் வைப்பது. உராயும் உறுப்பு இல்லாததால் தேய்மானமும் இல்லை. இரண்டாம் வகை, எஞ்சின் அறையில் தனியே பொருத்தப்படும் பெட்டி. அமெரிக்காவின் எல் பாசோ நகரில் 1970களில் தோன்றிய எம்.எஸ்.டி. பெட்டிகள் இவ்வகையில் பெயர் பெற்றவை. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் 'சி.டி.ஐ.' என்று சொல்வதும் இத்தத்துவமே. 1985இல் இந்தியாவில் வெளிவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியில் அது இருந்தது.

இப்பெட்டி, பேட்டரியின் 12 வோல்ட்டை 400 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தி ஒரு கெப்பாசிட்டரில் தேக்கி வைக்கிறது. நேரம் வந்ததும் அத்தனையையும் ஒரே வீச்சில் காயிலுக்குள் பாய்ச்சுகிறது. காயில் மெல்ல நிறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லையாதலால், உயர்ந்த வேகத்திலும் பொறி மெலிவதில்லை. ஆனால் இவ்வகைப் பொறியின் ஆயுள் மிகக் குறைவு. அதை ஈடுசெய்யவே, எஞ்சின் ஏறத்தாழ 3,000 சுற்றுக்குக் கீழே ஓடும்போது, ஒரு பொறிக்குப் பதிலாகப் பல பொறிகளை அடுத்தடுத்து விடும்படி எம்.எஸ்.டி. பெட்டி அமைக்கப்பட்டுள்ளது.

சிவகாசித் தீக்குச்சியையே உவமையாகக் கொள்ளலாம். ஈரக் காற்றில் அடுப்புப் பற்றவைக்கும் பெண்மணி ஒரே குச்சியை நம்புவதில்லை. முதற்குச்சி அணைந்தால் இரண்டாவது, அதுவும் அணைந்தால் மூன்றாவது. ஐப்பசி மழையில் நனைந்து குளிர்ந்த எஞ்சின் காலையில் தயங்காமல் கிளம்புவதற்கு இப்பொறித் தொடர் துணைபுரிகிறது.

மேலும், பழைய முறையில் காயிலின் முழு மின்சாரமும் பாயிண்ட் வழியே சென்று அதைக் கருக்கியது. பெட்டி பொருத்திய பின் பாயிண்ட், 'இப்போது' என்று சைகை காட்டும் ஏவலாளாக மட்டும் நிற்கிறது. எனவே கருகுவது பெரிதும் குறைகிறது.

பெட்டியால் ஆகாதவை

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டி பொறியின் வலிமையைப் பெருக்கும்; பொறியின் நேரத்தைத் தானே திருத்தாது. பாயிண்டைச் சைகைக்கு வைத்துக்கொண்டால், அதன் குதிகால் தேய்வதும் நேரம் பிந்துவதும் முன்போலவே தொடரும். பாயிண்டை நீக்கிக் காந்த முறையை வைத்தாலும், டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்து தண்டு ஆடினால், பொறி சிலிண்டருக்குச் சிலிண்டர் முன்பின்னாகவே விழும். வேகத்திற்கேற்ப நேரத்தை முன்தள்ளும் எடைகளும் சுருள்வில்களும் துருப்பிடித்திருந்தால், எந்தப் பெட்டியும் அவற்றை அசைக்காது. வலிமையான பொறி தவறான நேரத்தில் விழுவது, ஊரே உறங்கும் வேளையில் உரத்துப் பாடுவது போன்றது.

ஆதலால் முதலில் பழைய அமைப்பைச் செப்பனிடுங்கள். தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மூடியில் மயிரிழை விரிசல் உண்டா என நோக்குங்கள். டைமிங் லைட் கொண்டு நேரத்தைச் சரிபாருங்கள். இவ்வளவும் செய்தபின் வண்டி நன்றாக ஓடினால், பெட்டி இன்னும் தேவையா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பலருக்குத் தேவைப்படாது.

பொருத்தும் முறை

தேவை என்று முடிவு செய்தால், முதல் வேலை பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. இரண்டாவது, எர்த் எது என்று பார்ப்பது. பழைய ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனையே பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய பெட்டிகள் பெரும்பாலும் மைனஸ் எர்த்துக்கெனச் செய்யப்பட்டவை. பாராமல் இணைத்தால் சாவியைத் திருப்பிய நொடியே பெட்டி பாழ்.

பெட்டியைப் புகைக்குழாய்ப் பக்கம் வைக்கலாகாது. நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் எஞ்சின் அறை எப்படிக் கொதிக்கும் என்பதை யாவரும் அறிவர். காற்றோட்டமும், நீர் தெறிக்காத உயரமும் உள்ள இடமே நலம்.

எம்.எஸ்.டி. பெட்டியின் வழக்கப்படி, பருமனான சிவப்பு ஒயர் பேட்டரியின் பிளஸ் முனைக்கும், பருமனான கறுப்பு மைனஸ் முனைக்கும் நேராகச் செல்ல வேண்டும். மெல்லிய சிவப்பு, சாவியைத் திருப்பினால் மின்சாரம் வரும் ஒயருக்கு. வெள்ளை, பாயிண்டுக்கு. ஆரஞ்சு, காயிலின் பிளஸுக்கு; மெல்லிய கறுப்பு, காயிலின் மைனஸுக்கு. காயிலில் இவ்விரண்டைத் தவிர வேறு எந்த ஒயரும் இருத்தலாகாது. சுற்று காட்டும் மீட்டர் இருந்தால், அதன் ஒயரைப் பெட்டியில் அதற்கென உள்ள முனையில் சேர்க்க வேண்டும். வேறு நிறுவனப் பெட்டிகளில் நிறங்கள் மாறும்; உடன் வரும் தாளைப் படிக்காமல் கைவைக்காதீர்கள்.

பிளக் ஒயர்களையும் கவனிக்க வேண்டும். வெறும் செப்புக் கம்பி கொண்ட பழைய ஒயர்கள் இப்பெட்டிக்கு ஆகா. அவை எழுப்பும் மின்னிரைச்சல் பெட்டியையே குழப்பும். இரைச்சலை அடக்கும் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அப்போதுதான் 1-3-4-2 என்னும் வரிசை பிறழாது.

சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்காமல் ஓடினால் அஞ்ச வேண்டாம். சார்ஜ் விளக்கின் வழியாகச் சிறிது மின்சாரம் பின்னோக்கி வந்து பெட்டியை விழித்திருக்கச் செய்கிறது. அவ்விளக்கின் ஒயரில் ஒரு டயோடைச் சேர்த்தால் தீரும்.

கையைக் காத்துக்கொள்க

நம் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. பிளக் ஒயரைக் கழற்றி, எஞ்சின் ஓட ஓடப் பாடியின் அருகே காட்டி, "நெருப்பு வருதா?" என்று பார்ப்பார்கள். பழைய முறையில் அதிர்ச்சி தந்ததோடு போயிற்று. இப்பெட்டி பொருத்திய காரில் அப்பழக்கம் உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். காயிலின் சிறிய முனைகளில்கூட 400 வோல்ட்டுக்கு மேல் வந்து போகிறது. பொறி செல்ல வழியின்றித் திறந்து கிடந்தால் காயிலும் பெட்டியும் கெடும். ஆகவே ஒரு சோதனை பிளக்கை எர்த்தோடு உறுதியாக இணைத்து, எட்டி நின்று பாருங்கள். பட்டறையில் எடுபிடியாக நிற்கும் சிறுவர்களை அப்போது அருகில் விடாதீர்கள். கார் வேறொருவர் கைக்குப் போகும்போதும், பெட்டி பொருத்தியிருப்பதைச் சொல்லி ஒப்படையுங்கள்.

மீளும் வழி

பாயிண்ட் கெடும்போது முன்னறிவித்துக் கெடும். முதலில் இழுவை குறையும், பிறகு திக்கும், பின்னரே நிற்கும். உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் வீடு வந்து சேரலாம். எலக்ட்ரானிக் பெட்டியோ பெரும்பாலும் சொல்லாமல் கெடும். கெட்டால் வழியில் செப்பனிட இயலாது. ராஜபாளையம் தாண்டித் தென்காசி, செங்கோட்டை வழியாக மலையேறிக் கொல்லம் செல்லும் சாலையில், இரவு நேரத்தில், பெண்களும் பிள்ளைகளும் காரில் இருக்கையில் அவ்வாறு நேர்ந்தால் என் செய்வது?

ஆகையால் எதையும் வெட்டாதீர்கள். எந்தத் துளையையும் வேண்டாத இடத்தில் போடாதீர்கள். பழைய ஒயர் முனைகளை அப்படியே சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். பாயிண்ட், கண்டென்சர், பில்லர் கேஜ், ஒரு திருப்புளி ஆகியவற்றைச் சிறு டப்பாவில் இட்டு டிக்கியில் வையுங்கள். அரை மணி நேரத்தில் கார் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும். அவ்வாறு திருப்புவது எப்படி என்பதை, காரை ஓட்டும் மகனுக்கும் மகளுக்கும் ஒரு விடுமுறை நாளில் செய்து காட்டுங்கள்.

அத்தா ஓட்டிய கார் பிள்ளையின் கையில் அமானிதம். அதை அவர் விட்டுச்சென்றபடியே ஓட்டாமல் துருப்பிடிக்க விடுவதும் பேணுதல் ஆகாது. புதுமை மோகத்தில் அதன் உறுப்புகளைப் பிடுங்கி எறிவதும் பேணுதல் ஆகாது. வலிமையைப் புதிய பெட்டியிடம் வாங்கிக்கொள்வோம். நேரம் பார்க்கும் பொறுப்பு மட்டும் நம்மிடமே இருக்கட்டும்.