ஊருக்கு மாசம் 5,000 அனுப்புறீங்களா? தொகையை விட அனுப்புற மாசம் முக்கியம்!

சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ வேலை பார்க்குறோம். ஊர்ல அப்பா அம்மா ஒரு கைத்தொழிலும் செய்றாங்க, ஒரு ஏக்கர் நிலமும் பார்க்குறாங்க. "ரெண்டு வருமானம் இருக்கே, அப்புறம் ஏன் வருஷா வருஷம் நகை அடகுக்குப் போகுது?" இந்தக் கேள்வி நிறைய பேருக்கு இருக்கு. இன்னைக்கு மண்பாண்டத் தொழிலை வெச்சு அதைப் பிரிச்சுப் பார்ப்போம்.

நாம எடுத்துக்கிற ஊர் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை. வைகைக் கரை, கண்மாய்ப் பாசனம். கடம் செய்றதுக்குப் பேர் போன ஊர். 2023-ல் இந்த ஊர் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. ஆனா இந்தச் சுத்துவட்டாரத்துல நிறைய குடும்பங்களுக்குச் சோறு போடுறது அகல் விளக்கும் பொங்கல் பானையும்தான்.

ரெண்டு வருமானம், ஆனா ஒரே காலண்டர்

வருஷத்தை ஒரு தாள்ல எழுதிப் பாருங்க.

- சித்திரை முதல் ஆவணி வரை: கண்மாய் வத்தியிருக்கும், மண் எடுக்கலாம். வெயில் இருக்கு, பானை காயும். உற்பத்தி மொத்தமும் இப்பத்தான். மண், விறகு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் கையை விட்டுப் போகும். நடுவுல ஜூன்ல தங்கச்சிக்கு ஸ்கூல் பீஸ்.
- புரட்டாசி, ஐப்பசி: வயல்ல உழவு, விதைப்பு, களையெடுப்பு. வடகிழக்குப் பருவமழை வந்துட்டா சூளை வேலை படுத்துடும்.
- கார்த்திகை: விளக்கு விற்பனை.
- மார்கழி, தை: பொங்கல் பானை விற்பனை. நெல் அறுவடையும் அதே சமயம்தான்.

புரியுதா? தொழில், விவசாயம் ரெண்டுக்கும் செலவு சித்திரையில ஆரம்பிச்சு ஐப்பசி வரைக்கும் போகுது. ரெண்டுலயும் வரவு கார்த்திகையில இருந்து தை வரைக்கும்தான். மழை பொய்ச்ச வருஷம் நெல் போனாலும் பானை காப்பாத்தும், அது உண்மை. ஆனா சாதாரண வருஷத்துலகூட ஏழு மாசம் வீட்டுல காசு இருக்காது. வருமானம் கம்மின்னு நாம நினைக்கிறோம். பாதிப் பிரச்சினை, அது லேட்டா வர்றது.

அந்த ஏழு மாசத்தை யார் நிரப்புறா?

பெரும்பாலும் வியாபாரி. ஆடி மாசம் வீட்டுக்கு வந்து முன்பணம் கொடுப்பார். "கார்த்திகைக்குச் சரக்கு எனக்கு" அப்படின்னு விலையும் அப்பவே பேசி முடிஞ்சிடும். வட்டின்னு ஒரு வார்த்தை வராது. அதனால அது கடன் மாதிரியே தெரியாது.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

ஒரு சூளைக்கு 6,000 அகல் விளக்கு. ஆடியில பேசின விலை 1 ரூபாய் 50 காசு. மொத்தம் 9,000 ரூபாய் முன்பணம். மண், விறகு, வண்டி வாடகைன்னு செலவு 3,700. மிச்சம் 5,300. ரெண்டு பேர் ஒன்பது நாள் உழைப்பு, அதாவது 18 ஆள் நாள். வகுத்தா ஒரு நாளைக்கு 294 ரூபாய்.

2025-26-ல் தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக்கு அறிவிச்ச கூலியே 336 ரூபாய். தலைமுறை தலைமுறையா வந்த கைவேலைக்கு அதை விடக் குறைவு!

இப்ப அதே சரக்கை முன்பணம் வாங்காம கார்த்திகைக்கு வெச்சிருந்து 2 ரூபாய்க்குக் கொடுத்தா? 12,000 வரும். செலவு போக 8,300. ஒரு நாளைக்கு 461 ரூபாய். அதே மண்ணு, அதே கை.

வித்தியாசம் 3,000 ரூபாய். வாங்கின 9,000-க்கு நாலு மாசத்துல 3,000 விட்டுக்கொடுத்திருக்காங்க. மாசத்துக்கு நூத்துக்கு எட்டு வட்டிக்கும் மேல! வருஷக் கணக்குல 100 சதவீதம். அதே 9,000-ஐ வருஷத்துக்கு 10 சதவீத வட்டியில நகைக்கடனா எடுத்திருந்தா நாலு மாச வட்டி 300 ரூபாய்தான்.

உங்க சம்பளம் இங்கதான் வேலை செய்யணும்

மாசம் 5,000, வருஷத்துக்கு 60,000 அனுப்புறீங்கன்னு வெச்சுக்குவோம். தொகையைக் கூட்ட வேண்டாம். இப்படிப் பிரிங்க:

1. மாசம் 2,500 வீட்டுச் செலவுக்கு எப்பவும் போல அனுப்புங்க.
2. மீதி 2,500-க்கு உங்க பேங்க்ல 12 மாச ஆர்.டி. ஆடியில முடியற மாதிரி போடுங்க. 30,000-க்கு மேல கைக்கு வரும்.
3. அதை ஆடியில மொத்தமா வீட்டுக்குக் கொடுங்க. மூணு சூளைக்கு வாங்குற 27,000 முன்பணம் தேவைப்படாது. கணக்குப்படி 9,000 ரூபாய் மிச்சம்.
4. தை மாசம் வரவு வந்ததும் அந்த 30,000-ஐ மட்டும் அப்பா பேர்ல தனிக் கணக்குல போட்டு வைங்க. அடுத்த ஆடிக்கு அதுதான் முதல்.

நாலாவதுதான் ரொம்ப முக்கியம். அதைச் செஞ்சா இந்த 30,000 ஒரு தடவை போட்டா போதும், வருஷா வருஷம் சுத்தும். அடுத்த வருஷத்துல இருந்து அந்த 2,500 உங்க எஸ்.ஐ.பி.க்குப் போகலாம்.

மாசம் 2,500 குறைஞ்சா வீட்டுல முடியாதா? அப்ப முதல் வருஷம் மட்டும் நகைக்கடன் எடுத்து, வட்டியை நீங்க கட்டுங்க.

ஒரு எச்சரிக்கை. வியாபாரியை ஒரேயடியா விட்டுடாதீங்க. கார்த்திகையில அடைமழை பிடிச்சா தேங்குற சரக்கை எடுக்கிறவரும் அவர்தான். முதல் வருஷம் மூணு சூளையில ஒண்ணை அவருக்கே கொடுக்கலாம்.

வயல் செலவுக்கு வேற வழி இருக்கு

சூளைப் பணத்தை வயல்ல போட வேண்டாம். தமிழ்நாட்டுல கூட்டுறவுக் கடன் சங்கத்துல பயிர்க்கடன் வாங்கி, தவணை தேதிக்குள்ள கட்டிட்டா வட்டியே இல்லை. பேங்க்ல கிசான் கிரெடிட் கார்டு எடுத்தா, 3 லட்சம் வரைக்கும் ஒழுங்கா கட்டுறவங்களுக்கு 4 சதவீதம்தான்.

தொழிலுக்கு மின்சாரச் சக்கரம் மாதிரி ஏதாவது வாங்கணும்னா, உங்க பேர்ல பர்சனல் லோன் எடுக்காதீங்க. மாவட்டத் தொழில் மையத்துல கலைஞர் கைவினைத் திட்டம் பத்திக் கேளுங்க. 35 வயசுக்கு மேல இருக்கிற கைவினைஞர்களுக்கு 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். அப்பா மண்பாண்டத் தொழிலாளர் நல வாரியத்துல பதிஞ்சிருக்காரான்னும் பாருங்க. மழைக்கால நிவாரணம் அது வழியாத்தான் வரும்.

ரெண்டு நோட்டு போடுங்க

சூளைக்கு ஒண்ணு, வயலுக்கு ஒண்ணு. வயல்ல இருந்து சூளைக்குப் போற வைக்கோலுக்கும் விலை எழுதுங்க. வீட்டுக்கு எடுத்து வெச்ச நெல்லுக்கும் எழுதுங்க. அம்மா மண் மிதிச்ச நாளையும் கட்டாயம் எழுதுங்க. அதை விட்டுட்டா எந்தத் தொழிலும் லாபமாத்தான் தெரியும். வருமான வரிக்கும் இது நல்லது. விவசாய வருமானத்துக்கு வரி விலக்கு இருக்கு, பானை வித்த காசுக்கு அது கிடையாது.

அப்பாகிட்ட போய் "கணக்கு காட்டுங்க"ன்னு கேட்டா கோவம்தான் வரும். "ஆடியில எவ்வளவு வேணும்ப்பா?"ன்னு கேட்டுப் பாருங்க. கணக்கு தானா வரும்.

"வேலையை விட்டுட்டு ஊருக்கே போய் தொழிலைப் பார்க்கலாமா?"ன்னு கேட்கிறவங்களுக்கும் இதேதான் பதில். உங்க குடும்பத்துல மழையை நம்பாத ஒரே வருமானம் உங்க சம்பளம். முதல்ல ரெண்டு வருஷம் நோட்டு எழுதி, முன்பணம் இல்லாம ஓட்டிப் பாருங்க. ஒரு நாள் உழைப்புக்கு என்ன கிடைக்குதுன்னு தெரிஞ்ச பிறகு முடிவு எடுங்க.

உங்க வீட்டுல என்ன தொழில், எந்த மாசம் காசு இறுகுது? கமெண்ட்ல எழுதுங்க, அந்தத் தொழிலோட காலண்டரையும் போட்டுப் பார்ப்போம்.