கூட்டு மருந்து ஒத்துக்கலையா? நிறுத்தாதீங்க, சொல்லுங்க!



"மாத்திரை போட்டா தலை சுத்துது, அதான் விட்டுட்டேன்" என்று எச்.ஐ.வி. உள்ள சிலர் சொல்வதுண்டு. காட்டு வேலைக்கும் கரிமூட்டத்துக்கும் போகிற நமக்கு ஒருநாள் படுத்தாலும் கூலி போச்சு. ஆனால் மருந்தை விட்டால் கிருமி மறுபடி பெருகும். பிறகு அதே மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம்.

பயம் எங்கிருந்து வந்தது?

2004 ஏப்ரல் 1 முதல் அரசு இந்த மருந்தை இலவசமாகத் தருகிறது. தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அப்போது கொடுத்த ஸ்டாவுடின் மாத்திரையால் சிலருக்குப் பாதம் எரிந்தது, கன்னம் ஒட்டிப்போனது. அந்த மாத்திரை இப்போது கிடையாது. இன்று பெரியவர்கள் பலருக்கும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரைதான், தினம் ஒன்று.

முதல் சில வாரம் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகும். தூக்கம் வரவில்லையென்றால் காலையில் போடலாமா என்று மையத்தில் கேளுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

* காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு, வாய்ப்புண்
* கண் மஞ்சளாவது
* முகம் வீங்கி மூச்சுத் திணறுவது
* கால் வீங்கி, சிறுநீர் குறைவது

கவனம் தேவை

டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். உடம்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை போடுவது, ஊசி போட்டுக்கொள்வது இரண்டும் அந்த ஆபத்தைக் கூட்டும். வெயிலில் வேலை செய்தால் தண்ணீர் நிறையக் குடியுங்கள். மையத்தில் சொல்லும் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம். நெஞ்செரிச்சல் மருந்து குடிப்பவர்கள், அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ கூட்டு மருந்தைப் போட வேண்டும்.

குழு என்ன செய்யலாம்?

ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியில் சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆஸ்பத்திரி பஸ் செலவுக்கு ஒரு சகோதரி அவசரக் கடன் கேட்டால், எதுக்கு, ஏன் என்று துருவாமல் கொடுப்போம். சந்தேகம் இருந்தால் 1097-க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது.

மாத்திரையை மாற்றுவதா, நிறுத்துவதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். உடம்புக்கு என்ன செய்கிறது என்று மறைக்காமல் சொல்வது நம் வேலை.