பழைய கார் பேசுது, கேளுங்க

மோரிஸ் மைனர்ல சாவியைப் போட்டதும் பெட்ரோல் பம்ப் ‘டிக் டிக்’னு அடிக்கும். அது எலக்ட்ரிக் பம்ப். கார்புரேட்டர் நிறைஞ்சதும் சத்தம் அடங்கிடணும். என் வண்டியில அடங்கவே இல்ல. மேடு ஏறும்போது கார்புரேட்டர் பக்கம் ‘படார்’னு வேற வெடிக்கும். பிளக், பாயின்ட், காயில் எல்லாத்தையும் மாத்தினேன். காசுதான் போச்சு.

ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். டேங்கிலிருந்து பம்புக்கு வர்ற ரப்பர் ஹோஸில் விரிசல். உறிஞ்சும் பக்கம்ங்கிறதால பெட்ரோல் வெளியே சொட்டல; காற்று உள்ளே போச்சு. பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரியும். இன்டேக் வால்வு மறுபடி திறக்கும்போதும் உள்ளே தீ இருந்தால், அது கார்புரேட்டர் வழியா திருப்பி அடிக்கும்.

அதனால இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம, சாவியை மட்டும் போட்டுக் கேளுங்க. ஒரு நிமிஷம் போதும்; அதுக்கு மேல போனா காயில் சூடாகும். வேகமா அடிச்சுக்கிட்டே இருந்தா, டேங்க் காலியா, ஹோஸில் காற்று புகுதான்னு பாருங்க. விட்டு விட்டு அடிச்சா, பம்புக்கு அப்புறம் எங்கேயாவது ஒழுகலாம். பெட்ரோல் வாசனை வந்தா உடனே சாவியை எடுத்துடுங்க. வெடிச்சத்தம் சைலன்சர் பக்கம் வந்தா, அது வேற கதை: முதலில் டைமிங்கைப் பாருங்க.

பாகத்தை மாத்துறதுக்கு முன்னாடி, காதைக் கொடுங்க.