வரைபடத்தில் வானம் – 7: எந்தக் கோட்டில் அளப்பது?

பாறசாலையைத் தாண்டி, களியக்காவிளைக்கு முன்னால் இஞ்சிவிளையில் ஒரு வீட்டுத் திண்ணை. விமான வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் தம்ளர் வைத்திருந்தோம். பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவு. ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து கிலோமீட்டர். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையத்துக்குப் பென்சிலில் கோடு போட்டாயிற்று.

வணிக விமானி உரிமத்துக்காக டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வில் ஏர் நேவிகேஷன் தாள் எழுதப்போகிற தம்பி, டிவைடரை விரித்துக் கோட்டின் இரு முனையிலும் ஊன்றினான். விரிப்பு மாறாமல் தூக்கி, கிழக்கு மேற்காக ஓடும் கோட்டில் வைத்துக் கலைகளை (பாகையின் சிறு பிரிவுகளை) எண்ணினான்.

“68 மைல், அண்ணா.”

“அந்தக் கோட்டில எதுக்கு மக்களே வச்சே?”

“தூரத்தை அட்சத்தில அளக்கணும்னா அட்சக் கோட்டிலதானே வைக்கணும்?”

இந்தப் பதிலைப் பல பிள்ளைகளிடம் கேட்டுவிட்டேன். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. இந்தக் கேரளப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், விமானப் பாடம் ஆங்கிலம். மூன்றிலும் சொல் தெரியும். அந்தச் சொல் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட யாரும் சொல்லித்தரவில்லை.

அட்சக் கோடுகளை ஏணிப்படியாக நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் படிக்கும் உள்ள இடைவெளியை ஏணியின் காலில்தான் அளக்க முடியும். அந்தக் கால்கள், தெற்கு வடக்காக ஓடும் தீர்க்கக் கோடுகள். ஒரு பாகையில் 60 கலை. தீர்க்கக் கோட்டின்மேல் ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். அட்சக் கோட்டின்மேல் உள்ள கலையோ துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கும்.

தம்பி சரியான கோட்டில் வைத்தபோது 67 வந்தது. ஒரே மைல் வித்தியாசம்! ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இந்தத் தப்பு வெளியே தெரிவதில்லை. இதே பழக்கத்தோடு 60 பாகை வடக்கில் அளந்தால் 67 மைல் 134 ஆகிவிடும். தேர்வுக் கேள்விகள் நம் ஊர் அட்சத்தோடு நின்றுவிடுவதில்லை.

அடுத்தது திசை. தீர்க்கக் கோடுகள் வடக்கே போகப் போக நெருங்குவதால், பாதையின் நடுவை வெட்டுகிற தீர்க்கக் கோட்டில்தான் பாகைமானியை வைக்க வேண்டும். இந்தப் பாதைக்குக் கிடைப்பது 77, 78 பாகை. இது மெய் வடக்கிலிருந்து எண்ணியது. காந்த ஊசிக்கு மாற்ற, வரைபடத்தில் முறிகோடாக உள்ள காந்த விலகலைப் பாருங்கள்: மேற்கு என்றால் கூட்டல், கிழக்கு என்றால் கழித்தல்.

பாகைமானியில் ஒரு பெரிய பிரிவு தவறி, 77-ஐ 67 என்று படிப்பது எல்லாருக்கும் நேர்வதுதான். அப்படிப் படித்தால் என்ன ஆகும் என்று தம்பியையே இன்னொரு கோடு போடச் சொன்னேன். அந்தக் கோடு போய் முட்டிய இடம் அகஸ்தியமலை, 1,868 மீட்டர். புறப்பட்ட இடத்திலிருந்து 21 கடல் மைல். மணிக்கு 100 கடல் மைல் போகும் பயிற்சி விமானத்துக்குப் பதின்மூன்று நிமிடம். தம்பி டிவைடரைக் கீழே வைத்துவிட்டான். மழை ஓய்ந்த காலையில் அவன் வீட்டு முற்றத்திலிருந்து வடக்கே பார்த்தால் தெரிகிற மலைவரிசை அது.

அதனால் ஒரு முறை அளந்ததை நம்பாதீர்கள். பக்கத்துத் தீர்க்கக் கோட்டில் பாகைமானியை வைத்து இன்னொரு முறை அளந்து பாருங்கள். நம் அட்சத்தில் இரண்டு விடைக்கும் ஒரு பாகைகூட வேறுபடக் கூடாது.

அடுத்த வாரம் காற்றின் கணக்கு. அதற்குள் திருவனந்தபுரம்–மதுரைப் பாதையை நீங்களே கோடு போட்டு அளந்து வையுங்கள். 107 கடல் மைலும் 41 பாகைக்குக் கிட்டவும் வந்தால் உங்கள் கை சரியாக இருக்கிறது.